இலையின் அடிப்பக்கம்

அநியாயம் நடந்தது அஞ்சலாட்சிக்கு. செய்தது சர்க்கரை ஆலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி என் மனசு எங்கெங்கோ போகும், போகிற போக்கில் இது மறந்துவிடக் கூடாது. நோய் உள்ளே இருக்கிற விதைக்கரும்பைத் தன் பண்ணையிலிருந்து லாரியில் ஏற்றி, தேர்ந்த விதை என்று முத்திரை குத்திய சீட்டோடு அவள் வரப்பில் இறக்கியது ஆலை. பயிர் மஞ்சளாகி, குருத்து காய்ந்து, குட்டையாய் நின்றுபோனதும் ஆய்வுக்கு வந்த கரும்பு அலுவலர் பைக்கைவிட்டு இறங்காமலேயே படிவத்தில் ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதினார். அதன் அடியில் அவளிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இரண்டு சொல். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் முப்பத்தேழு வயசுப் பெண் ஒருத்தி, புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, இரண்டு ஏக்கர் கரும்பைத் தனியாளாய்க் காய்ந்த சோகை உரித்து, மண் அணைத்து, சாயாமல் கட்டி நிறுத்தி வளர்த்ததற்கு இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லையும் அழிக்கத்தான் இன்றைக்கு, ஆயுத பூஜை அன்றைக்கு, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, யாருமே இல்லாத இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும், நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். மெஷினுக்கு நெற்றி எது என்று கேட்டால் ஆய்வக உதவியாளர் கோதண்டம் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவர்தான் பொட்டு வைத்தார். மூடிமேல் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி பொரி. சாவி கேட்டபோது தரவே மாட்டேன் என்றார். “பூஜை போட்ட மெஷினும்மா. இன்னிக்கு அதுக்கு ஓய்வு. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு, வந்து ஆரம்பி.” நாளைக்கு ஆரம்பித்தால் முடிவு நாளை சாயங்காலம்; நாளைக் காலையிலேயே அங்கே அஞ்சலாட்சி ஊரில் இதைப் பற்றிப் பேசக் கூட்டம். “வைரஸுக்கு ஓய்வு உண்டாண்ணே?” என்றேன். “அதுக்கு ஓய்வு இருந்தா நம்ம டிபார்ட்மெண்டே எதுக்கு?” என்று சிரித்துவிட்டு, சாவியை மேஜையில் வைத்து, என் பக்கம் தள்ளாமல் தன் பக்கமும் இழுக்காமல் சும்மா பார்த்தார். எடுத்துக்கொண்டேன். “வாணிம்மா, பொரியக் கீழ கொட்டிடாத. எறும்பு வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எறும்பு வரும். கரும்பிலும் எறும்பு வரும்; எறும்பு ஏறினால் இலையின் அடியில் அசுவினிப் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், அசுவினி இருந்தால் ஒரு செடியின் சாற்றிலிருந்து அடுத்த செடியின் சாற்றுக்கு நோயைத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே பார்த்தாயா, பொரியில் ஆரம்பித்து எங்கே வந்துவிட்டேன்.

முப்பத்தைந்து சுற்றில் ஆறாவது சுற்று என்கிறது திரை. தொண்ணூற்று நான்கு டிகிரி, பிறகு இறக்கம், பிறகு எழுபத்திரண்டு, மறுபடி தொண்ணூற்று நான்கு. உள்ளே எட்டுக் குழாய், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மூன்றில் அஞ்சலாட்சியின் கரும்பு. இரண்டில் ஆலையின் விதைப்பண்ணைக் கரும்பு. மிச்சம் மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்க: ஒன்றில் நோயே இல்லாத திசு வளர்ப்புச் செடி, ஒன்றில் நோய் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த செடி, ஒன்றில் வெறும் தண்ணீர். மஞ்சள் இலை நோய் என்பது பெயர். பெயர்தான் அப்படி, நடும்போது கரணையை, அதாவது விதைத் துண்டை, பார்த்தால் ஒன்றும் தெரியாது. பருத்து, பளபளவென்று, கணுவெல்லாம் முளைப்போடு இருக்கும். ஆறு மாசம் கழித்துத்தான் முகத்தைக் காட்டும். மறுதாம்பில், அதாவது வெட்டின கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிற பயிரில், முழுசாய்க் காட்டும்; அஞ்சலாட்சி வயலில் இப்போது நிற்பது அதுதான். மருந்து கிடையாது. செய்யக்கூடியது ஒன்றுதான், கெட்ட விதையை ஊன்றாமல் இருப்பது. அதைச் செய்ய வேண்டியவர் யார்? விதை கொடுத்தவர். கரும்பு அலுவலர் அவர்களே, சொல்லுங்கள், யார்? இப்படி ஒரு வாரமாய் அந்த மனுஷரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது, மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது. அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் தைரியமாய்ப் பேசுகிறார். ‘சரிம்மா, எங்க பண்ணைக் கரும்பிலும் நோய் இருக்கு என்றே வைத்துக்கொள்வோம். அந்தம்மா வயலிலிருந்து எங்களுக்கு வந்திருக்கக் கூடாதா?’ நாற்பது கிலோமீட்டர் சார். இடையில் ஒரு ஆறு இருக்கிறது. அசுவினி பஸ் ஏறியா வரும்? ‘காற்றடித்தால் வரும்.’ அப்படியென்றால் இடையிலுள்ள ஊர்களில் முதலில் வந்திருக்க வேண்டுமே, வந்ததா? எனக்கு ஜெயித்த சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வரும் வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது என்னவென்று தெரியாதது மாதிரி திரையைப் பார்க்கிறேன். எட்டாவது சுற்று.

தெரியும். தெரியாமல் என்ன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இளநிலைக் கடைசி வருஷம், கிராமத்தில் தங்கிப் படிக்க எங்களை அனுப்பினார்களே, பத்துப் பெண்கள், ஒரு சமுதாயக்கூடம், ஒரே ஒரு குழாய். அங்கேதான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். அப்போது அவளுக்கு முதல் பயிர், எட்டு மாசக் கரும்பு, ஆலை இறக்கிய அதே விதை. நாலைந்து தூரில் மேல் இலை லேசாய் மஞ்சள். “மேடம், இது என்னான்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்றாள். மேடம். எனக்கு இருபது வயசு. அதுவரை யாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அம்மா கழுதை என்பாள், அண்ணன் வாயாடி என்பான், வகுப்பில் வக்கீல். அந்த மேடம் என் தலைக்குள் போய் என்னவெல்லாம் செய்ததோ, வரப்பிலேயே நின்று பேச ஆரம்பித்தேன். இரும்புச்சத்துக் குறைபாடு என்றேன். இந்த மண் சுண்ணாம்பு மண், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது என்றேன். நரம்பு பச்சையாய் இருக்கும், நரம்புக்கு நரம்பு நடுவே மஞ்சளாகும், அதுதான் அடையாளம் என்று, முந்தின ராத்திரி ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்த படத்தைச் சுருட்டிலிருந்து விரித்துக் காட்டினேன். பச்சை நரம்பு, மஞ்சள் இலை. அழகான படம். அதற்குள் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளியுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒருத்தர் நோயாக இருக்குமோ என்று இழுத்தார். அவரை நான் விட்டேனா? நோய் என்றால் இப்படி இருக்கும், பூஞ்சாணம் என்றால் அப்படி இருக்கும் என்று அடுக்கி, பாவம், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாப்பா வெளுத்து வாங்குதுப்பா, அது சொன்னா சரிதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும். அஞ்சலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஒரு இலையை வைத்து மடக்குவதும் விரிப்பதுமாய் நின்றாள். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். படித்த பெண் பேசுவதைக் கேட்டு வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், சத்தியமாய். அன்று ராத்திரி நாட்குறிப்பில் ‘விவசாயிகள் ஆர்வத்துடன் கேட்டனர்’ என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நான் செய்யாதது ஒன்றே ஒன்று. இலையைத் திருப்பவில்லை. இரும்புக் குறைபாட்டில் நரம்பு பச்சையாய் நிற்கும். இந்த நோயில் முதலில் மஞ்சளாவதே நடுநரம்புதான், அதுவும் அடிப்பக்கத்தில். கையை நீட்டி ஒரு இலையைப் புரட்டியிருந்தால் போதும். ஒரு நொடி. இப்போது மாதிரி எடுக்கிறேன் என்று வாரம் முழுக்கப் பிளேடும் கையுமாய் அந்த நடுநரம்பைத்தான் அறுத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வைரஸ் அதிகம் தங்குவது அங்கேதான். நூறு நரம்பாவது அறுத்திருப்பேன். ஒவ்வொரு இலையையும் முதலில் திருப்பினேன். இப்போது என் கை தானாகவே திருப்புகிறது. நேற்று மெஸ்ஸில் கறிவேப்பிலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது சுற்று. ஜன்னலுக்கு வெளியே யாரோ கல்லூரிப் பேருந்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்கிறார்கள், சிதறல் சத்தம் இரண்டு மாடி ஏறி வருகிறது, பிறகு சிரிப்பு, பிறகு வண்டி கிளம்பிப் போய்விடுகிறது, பிறகு ஒன்றுமில்லை. விடுதியில் எங்கள் தளத்தில் நான் ஒருத்திதான். அறைத்தோழி போகும்போது, “லீவுக்குக் கூட வீட்டுக்குப் போகாம யாருக்காகடி இந்தச் சண்டை?” என்றாள். அஞ்சலாட்சிக்காக என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அஞ்சலாட்சிக்காகத்தானே? அந்த ஊரில் ஒரு வழக்கம். யார் வயலிலிருந்து விதை வாங்குகிறார்களோ அவர் கையாலேயே முதல் கரணையை ஊன்றச் சொல்வார்கள். விதை கொடுத்தவர் குளித்து, மஞ்சள் பூசி, கிழக்கே பார்த்து ஒரு கரணையை மண்ணில் அழுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் நடவில் இறங்குவார்கள். அஞ்சலாட்சி அன்னபேதி தெளித்தாள் இல்லையா, மழையும் நன்றாய்ப் பெய்தது, மஞ்சள் கொஞ்சம் மங்கினது மாதிரி இருந்தது. இந்த நோய் தண்ணீர் கிடைத்தால் அப்படிக் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். எனக்குப் போன் பண்ணிக் கேட்டாள், “மேடம், இதுலேருந்து வெத குடுக்கலாமா?” தாராளமாய்க் கொடுங்கள் என்றேன். இங்கே வகுப்புக்குப் போகிற அவசரத்தில், படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சொன்னேன். பதினோரு குடும்பம் அவளிடம் விதை வாங்கியது. பதினோரு வயலில் முதல் கரணையை ஊன்றியது அவள் கை. இப்போது பதினோரு வயலும் மஞ்சள். ‘அவ கை பட்டது’ என்கிறார்கள். புருஷனைத் தூர அனுப்பிய கை, அப்படி இப்படி, இன்னும் என்னென்னவோ. போன வாரம் நான் மாதிரி எடுக்கப் போனபோது தெருவில் ஒரு பெண் என்னிடம், “அஞ்சலாட்சி ஊட்டுக்கா? நேரா போ. மஞ்சளா ஒரு காடு தெரியும், அதான்” என்றாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு சாதாரணமாய்ச் சொன்னாள், அந்தச் சாதாரணம்தான் தாங்கவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் அந்தப் படிவத்தைப் படிப்பார்கள். பராமரிப்புக் குறைவு என்று ஆலையே எழுதிவிட்டது என்றால் பிறகு யார் பேச முடியும்? ஆலை தருகிற வெட்டு உத்தரவு வரிசையில் அவள் பெயர் கடைசிக்குப் போகும், அதற்குள் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்து நார் ஆகும். அதைவிட, இனி ஒருத்தரும் அவளை முதல் கரணைக்குக் கூப்பிட மாட்டார்கள். “அது போனா போவட்டும் மேடம்” என்றாள், சோகையை ஒதுக்கிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தபடி, “நடவுக்கே கூப்புட மாட்டன்றாங்க. தெனம் எங் கைய நானே பாத்துக்கறன்.” படம் எடுத்துக்கொள்ள அவள் போனை வாங்கினேன். என் எண்ணுக்கு அவள் வைத்திருந்த பெயர் கண்ணில் பட்டது. அன்னபேதி மேடம். அவள் கிண்டலாய் வைத்ததில்லை. அடையாளத்துக்கு வைத்தது. அதனால்தான் அது தைத்தது.

இருபத்தாறு. முடிவோடு அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவம் பக்கத்து மேஜையில் கிடக்கிறது. பேனாவை அதன்மேலேயே வைத்திருக்கிறேன், பறந்துவிடாமலிருக்க என்று சொல்லிக்கொள்ளலாம், மின்விசிறி ஓடவில்லை என்பது வேறு விஷயம். விவசாயி பெயர், எழுதியாயிற்று. ரகம், விதை வந்த இடம், எழுதியாயிற்று. ஆறாவது வரி: முந்தைய பரிந்துரையும் பரிந்துரைத்தவர் பெயரும். காலி. என் வழிகாட்டி தமயந்தி மேடம் லீவுக்குப் போகுமுன் அதில் கையெழுத்துப் போடும்போது அந்த வரியில் ஒரு நிமிஷம் நின்றார். “முன்னாடி யாரும் எதுவும் சொல்லலையா?” யாரோ மாணவிகள் வந்தார்களாம் மேடம் என்றேன். யாரோ. மாணவிகள். பன்மை. பத்துப் பேரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன் பார், ஒருத்தியின் வாயை மறைக்க. மேடம் விடைத்தாளில் தப்பைக் கண்டுபிடித்தும் சுழிக்காமல் விடும்போது ஒரு பார்வை பார்ப்பாரே, அதைப் பார்த்துவிட்டு, “முடிவு வந்ததும் முழுசா நிரப்பிடு” என்றார். நான் எனக்காக வாதாடட்டுமா? நன்றாக வாதாடுவேன். அன்றைக்கு நோய் என்று சொல்லியிருந்தாலும் மருந்து இல்லையே. ஆலை நோயுள்ள விதையைக் கொடுத்தது உண்மைதானே, என் தப்பால் அது இல்லையென்று ஆகிவிடுமா? இருபது வயசுப் பெண் சொன்னதைக் கேட்டுப் பதினோரு வயலுக்கு விதை கொடுப்பார்களா? அந்தக் கடைசி வாதத்தை மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதைத்தானே கரும்பு அலுவலரும் சொன்னார். கேட்டவள்மேல் தப்பு. வளர்த்தவள்மேல் தப்பு. பைக்கைவிட்டு இறங்காமல் எழுதினவரும் இலையைத் திருப்பாமல் பேசினவளும் ஒரே ஜாதி. நோய் பிடித்த விதையைக் கொடுத்தது ஆலை, ஒரு வயலுக்கு. அதைப் பதினோரு வயலுக்குத் தாராளமாய்க் கொடுங்கள் என்று படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சொன்னது நான். காலையில் அஞ்சலாட்சி அனுப்பிய குரல் செய்தி இன்னும் போனில் இருக்கிறது, நாலு தரம் கேட்டாயிற்று, ஐந்தாவது தரம் கேட்கிறேன், வெற்று ஆய்வகத்தில் அவள் குரல் கண்ணாடிப் புட்டிகளில் பட்டுக் கொஞ்சம் உயர்ந்து கேட்கிறது. “மேடம், நல்லா இருக்கீங்களா, பூஜையெல்லாம் ஆச்சா? நாளைக்குக் கூட்டம். எல்லாரும் கேப்பாங்க. நான் என்னா சொல்லட்டும்? அதை மட்டும் சொல்லிடுங்க.” அதை மட்டும். பின்னணியில் ஒரு கோழி. அவள் என்னிடம் கணக்காய் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், எனக்குத்தான் அதைச் சொல்ல முப்பத்தைந்து சுற்று தேவைப்படுகிறது.

மெஷின் கூவியது. எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாய் வைத்தேன், பொரியைக் காகிதத்தில் ஒதுக்கினேன், ஒன்றுகூடக் கீழே விழவில்லை கோதண்டம் அண்ணே. மூடியைத் திறந்து எட்டுக் குழாயையும் எடுத்து, ஜெல்லின் எட்டுப் பள்ளத்திலும் இறக்கி, மின்சாரத்தைப் போட்டு, முக்கால் மணி நேரம் அந்த நீலச் சாயம் நத்தை மாதிரி நகர்வதையே பார்த்தேன். நகம் கடிக்க முடியாது, கையுறை. அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டபோது மணி ஐந்து. நோய் இருந்தால் ஒரு கோடு ஒளிரும். முதல் மூன்றும் அஞ்சலாட்சியுடையது: கோடு, கோடு, கோடு. பிரகாசமாய், அடிக்கோடிட்ட மாதிரி. நான்காவது ஆலை: ஒன்றுமில்லை. இன்னும் குனிந்தேன். ஐந்தாவது ஆலை: கோடு. அதே உயரத்தில், அதே தடிமனில். நல்ல செடி இருட்டு, நோய்ச் செடி வெளிச்சம், தண்ணீர் இருட்டு. சரியாய் இருக்கிறது. எல்லாமே சரியாய் இருக்கிறது. விதைப்பண்ணையில் நோய் இருக்கிறது. ஜெயித்தோம் என்று உரக்கச் சொன்னேன். குளிர்பெட்டி ஒன்று உறுமி அடங்கியது, அவ்வளவுதான் பதில். ஒரு ஆள்கூட இல்லை. இருந்திருந்தாலும் ‘எப்படித் தெரியாமல் போச்சு முதலிலேயே?’ என்று கேட்டிருப்பார்கள். நானாய் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். விளக்கை அணைக்காமல், அந்த நீல வெளிச்சத்திலேயே படிவத்தை இழுத்து ஆறாவது வரியில் எழுதினேன். இரும்புச்சத்துக் குறைபாடு எனத் தவறாகக் கூறப்பட்டது. அவ்வயலிலிருந்து விதை வழங்கவும் பரிந்துரைக்கப்பட்டது. கூறியவர், பரிந்துரைத்தவர்: ச. மதுரவாணி. கூறப்பட்டது, பரிந்துரைக்கப்பட்டது, பார், கடைசிவரை செயப்பாட்டு வினையில் போய் ஒளிந்துகொள்கிறேன். அடித்துவிட்டு, கூறினேன், பரிந்துரைத்தேன் என்று எழுதினேன். முடிவையும் நிரப்பி, படம் எடுத்து அஞ்சலாட்சிக்கு அனுப்பினேன். பிறகு போன் செய்தேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“அக்கா, வந்துடுச்சு. உங்க கரும்புல நோய் இருக்கு. ஆனா ஆலையோட விதைப்பண்ணையிலயும் அதே நோய் இருக்கு. விதையிலயே வந்த நோய் அது. பராமரிப்புல ஒண்ணும் இல்ல.” அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், “எங் கையில இல்லியா மேடம்?” “உங்க கையில இல்லக்கா.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம், யாரிடமோ அடுப்பைப் பார் என்கிற சத்தம். “பேப்பரா குடுப்பீங்களா? வாயால சொன்னா நம்ப மாட்டாங்க.” “அனுப்பியிருக்கேன். கூட்டத்துல அப்படியே படிக்கச் சொல்லுங்க. ஆறாவது வரியையும் விடாம படிக்கச் சொல்லுங்க. அதுல என் பேர் இருக்கு.” “ஒங்க பேரு எதுக்கு?” இதற்கு நான் ஒரு வாரமாய் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். மண்ணில் ஆரம்பித்து, பாடத்திட்டத்தைத் திட்டி, ஆலையில் முடிகிற பேச்சு. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா. நான் இலையைத் திருப்பிப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பதினோரு வயலுக்குப் போயிருக்காது” என்றேன். சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாய், அடுத்த வாக்கியத்தைத் தேடாமல் இருந்தேன். கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி.

“நான் பாத்தன் மேடம். அன்னிக்கே திருப்பிப் பாத்தன். நரம்புதான் மஞ்சளா இருந்துச்சி, ஒங்க படத்துல பச்சையா இருந்துச்சி. ரெண்டு தடவ சொல்ல வந்தன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க.”